உடைந்திருந்தது

செவ்வாய் மாலை, டங்கானன் நூலகத்து மாடியில்
ஹீட்டர் பக்கத்து நாற்காலி யாருக்கு என்பதில்
தொடங்கும் எங்கள் இலக்கணம்.
டெர்வ்லா எங்கள் எல்லோரையும்விட இளையவள்.
பலகையில் மூன்று பத்தி பிரித்து
கோ, வென்ட், கான் என்று எழுதுகிறாள்.
போவதற்கும் போனதற்கும் ஓர் எழுத்துகூடப் பொதுவில்லையே என்று
மீதிச் சில்லறை குறைந்தவர்போல் முறையிடுகிறார்
லிதுவேனியாக்காரர் கின்டராஸ்.

என் தேத்தும் மொழியில் வினை உடை மாற்றுவதில்லை.
நேற்றைக்கும் நாளைக்கும் ஒரே சட்டைதான்.
முடிந்ததென்றால் பின்னால் ‘ஓனா’ என்று ஒரு சொல்.
இன்னும் இல்லையென்றால் முன்னால் ‘செய்தாவ்க்’.
அதை வைத்தே எங்கள் தீவில்
கடன் வாங்கினோம், கல்யாணம் பேசினோம்,
ஒரு நாட்டையே உண்டாக்கிக்கொண்டோம்.

அதனால் எனக்குப் பிடித்தவை மாறாத வினைகள்.
கட், கட், கட்.
புட், புட், புட்.
ஹர்ட் மூன்று பத்தியிலும் ஹர்ட்தான்.
வலி மட்டும் காலம் பார்ப்பதில்லையா
என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.
அப்போது என் விரல் முழுசாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, இறைச்சி ஆலை, மூன்றாம் வரிசை.
இடது ஆள்காட்டி விரலில் நகத்தளவு
எடுத்துக்கொண்டது ரம்பம்.
பக்கத்து மேசை மாலக்கி கத்தினான்:
‘ஒலாந்தினா கையை வெட்டிக்கொண்டதற்குப் பிறகு இருக்கிறாள்!’
இப்போதுதான் நடந்தது என்பதை
இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.
டெர்வ்லாவின் பலகையில் அதற்குப் பத்தி கிடையாது.

விபத்துப் புத்தகத்தில் மேற்பார்வையாளர் மெக்ளூர்
இரண்டே வாக்கியம் எழுதினார்.
பணியாளர் கையை உள்ளே வைத்தார்.
காப்புத் தகடு உடைந்தது.
துணி சுற்றிய கையால் தாளை அழுத்திக்கொண்டு
மறு கையால் கையெழுத்துப் போட்டேன்.
எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

வீட்டில், மாத்திரை வேலை செய்யாத இரவில்,
அந்த இரண்டு வாக்கியமும் திரும்பத் திரும்ப ஓடின.
கை முதலில். தகடு அப்புறம்.
ஏதோ என் கைதான் போய் இரும்பை உடைத்ததுபோல.
தகடு முந்தின நாளே போய்விட்டது.
நீல டேப் ஒட்டி வைத்திருந்தார்கள்,
பள்ளிப் பிள்ளையின் கண்ணாடிக்கு ஒட்டுவதுபோல.

அடுத்த செவ்வாய் வந்தது ‘ஹேட்’.
கடந்த காலத்துக்கும் பின்னால்
இன்னொரு கடந்த காலம் இருக்கிறது என்றாள் டெர்வ்லா.
கோடு இழுத்தாள், இரண்டு புள்ளி வைத்தாள்.
நான் போய்ச் சேர்ந்தபோது ரயில் போயிருந்தது.
ஸ்டேஷனையே மூடிவிட்ட ஊரில் இப்படியொரு உதாரணம்.
யாரும் சிரிக்கவில்லை, நான் எழுந்துபோய் மார்க்கரை வாங்கினேன்.
நான் கை வைத்தபோது
தகடு உடைந்திருந்தது.
‘வியாழனிலிருந்து’ என்று சேர், என்றார் கின்டராஸ்,
நாள் சொல்லாவிட்டால் நழுவிவிடுவார்கள்.

புதன் காலை மெக்ளூரின் அறை. அவருடைய தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
திருத்த வேண்டும் என்றேன். ஒரு சொல்தான் என்றேன்.
உடைந்தது, உடைந்திருந்தது, எல்லாம் ஒன்றுதானே,
என்றவர், என்னைச் சமாதானப்படுத்தும் குரலில்
‘அந்த டேப்பை வியாழனே ஐ சீன்’ என்றார்.

ஐ சா. அல்லது ஐ ஹேவ் சீன்.
டெர்வ்லாவாக இருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பாள்.
என் நாக்கு நுனிவரை வந்தது திருத்தம்.
விழுங்கினேன்.
தப்பான வினை, சரியான சாட்சி.
‘அதையும் எழுதுங்கள்,’ என்றேன்,
‘நீங்கள் சொன்னபடியே.’

பேனாவை மூடினார். திறந்தார்.
ஜன்னலில் மழை, லாரி ஒன்று பின்னோக்கி வரும் கூவல்.
எழுதினார்.

பெல்ஃபாஸ்டிலிருந்து ஆள் வந்து பார்ப்பார்களாம்.
பதில் வந்துவிட்டதா என்று தினமும் கேட்கிறான் மாலக்கி.
செய்தாவ்க்.
நகம் ஓர் ஓரத்தில் கோணலாக முளைக்கிறது.
அதற்கு எந்தக் காலம் என்று
இந்த வாரம் கேட்க வேண்டும்.